பச்சை நூல் விரிப்பு

கண்ணாடிக் கடைக்காரர் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் நலம் விசாரிப்பார். விசாரிப்பு முடிவதற்குள் அவருடைய வலக்கை தன்பாட்டில் சட்டைப் பைக்குள் புகுந்து அளவு நாடாவை வெளியே எடுத்துவிடும். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும், சன்னலைக் கண்டால் அளக்காமல் அவரால் உட்கார முடியாது. பல் பிடுங்கப் போன இடத்தில், ஊசி போட்டு வாய் மரப்பதற்குக் காத்திருந்த பத்து நிமிடத்தில், மருத்துவரின் அலமாரிக் கண்ணாடியை அளந்து, "அரை இஞ்ச் குறையுது டாக்டர், தூசி போகும்" என்று மரத்த நாக்கால் சொல்லிவிட்டு வந்தவர் அவர். அன்றிலிருந்து தெருவில் அவருக்கு 'அரை இஞ்ச்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதில் அவருக்கு வருத்தம் இல்லை. "கால் இஞ்ச்னு குறைக்காம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்பார்.

பழக்கம் தொழிலால் வந்தது. அதில் அச்சம் கலந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. அவருடைய இளைய பிள்ளைக்கு வீட்டில் 'எறும்பு' என்று பெயர். சர்க்கரை எந்த உயரத்தில் இருந்தாலும் ஏறிப்போய்ச் சேர்ந்துவிடுவான். மாடிப்படியின் கைப்பிடிக் கம்பிகளை அப்பாவே தம் கையால் பொருத்தியிருந்தார். கம்பிக்கும் கம்பிக்கும் நான்கு விரலுக்கு மேல் இடைவெளி கூடாது என்பது அவர் ஊருக்கெல்லாம் சொல்லும் விதி. சொந்த வீட்டில், ஒரே ஓர் இடத்தில், அது கொஞ்சம் கூடிப்போயிற்று. ஒன்றரை வயது எறும்பு அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தலையை நுழைத்தான். நுழைந்த தலை திரும்பி வரவில்லை. அம்மா தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அப்பா கம்பியை அறுத்தார். நான்காவது நிமிடத்தில் பையன் அழுகையை நிறுத்திவிட்டு ரம்பத்தின் ஓசைக்குத் தாளம் போட ஆரம்பித்தான். அப்பாவுக்குத்தான் ஒரு வாரம் ரம்பத்தைத் தொட மனம் வரவில்லை. பிறகு, அறுத்த கம்பியின் தடத்தை வைத்து அந்த இடைவெளியை அளந்து பார்த்தார். கூடுதலாக இருந்தது சரியாக அரை அங்குலம். தெரு அவரை எதற்காக அப்படிக் கூப்பிட்டாலும், அவர் காதில் விழுந்தது இந்த அரை அங்குலம்தான்.

அவருடைய மனைவி பெரிய சலவைக்கூடம் ஒன்றில் மடிப்பு வேலை செய்தாள். ஈர விரிப்பு ஒருபுறம் சூடான உருளைக்குள் நுழைந்து மறுபுறம் ஆவி பறக்க வெளியே வரும். அங்கே எதிரெதிராக நிற்கும் இரண்டு பெண்கள் நான்கு முனைகளையும் பிடித்து, உதறி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நான்கே அசைவில் மடித்து அடுக்கவேண்டும். நாள் முழுவதும் நின்றபடியே வேலை. விரல் நுனிகளுக்குச் சூடு பழகிவிடும். குதிகால்களுக்கு மட்டும் தரை பழகாது. விரிப்பின் ஓரத்தில் ஓடும் நூலின் நிறத்தைக் கொண்டு அது யாருடையது என்று அறிவார்கள். நீல நூல் மருத்துவமனை. சிவப்பு நூல் மாணவர் விடுதி. பச்சை நூல், பெருநகரத்தில் உள்ள ஒரு தங்கும் விடுதி. நீலம் மெலிந்தது, சிவப்பு கிழிந்தது. பச்சை நூல் விரிப்பு மட்டும் கனமான பருத்தி. உருளையிலிருந்து வரும்போது வெண்ணெய்போல் கையில் விழும். பதினோரு ஆண்டுகளாக அதை மடித்துக்கொண்டிருந்த அவளுக்கு ஓர் ஆசை வந்தது. ஒரு நாளாவது அந்த விரிப்பின்மேல் படுத்துப் பார்க்கவேண்டும்.

சொன்னால் சிரிப்பார்கள் என்று வீட்டில் அவள் சொல்லவில்லை. விரிப்புகளை ஏற்றிச்செல்லும் லாரிக்காரரிடம் மட்டும் அந்த விடுதியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

சலவைக்கூடத்தில் பழைய கொதிகலனை எடுத்துவிட்டுப் புதியது வைப்பதற்காக நான்கு நாள் விடுமுறை அறிவித்தார்கள். பள்ளியும் அப்போது மூடியிருந்தது. குடும்பத்தோடு ஒரு முறையாவது பெருநகரத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவாயிற்று. கடல் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கும் காட்சிக்கூடம் மகளுக்கு. மின்சார ரயில் எறும்புக்கு. அந்தத் தொட்டிக் கண்ணாடி எத்தனை அங்குலத் தடிமன் என்ற வினா அப்பாவுக்கு. தங்குமிடத்தை மட்டும் அம்மா தானே தேர்ந்தெடுப்பதாகச் சொன்னாள்.

சாயங்காலம். சமையலறைச் சன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. ரொட்டியை வாட்டி அடுக்கிவிட்டு, பால் குவளையின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்தாள்.

"இங்க பாருங்க. இதுதான்."

"எந்த மாடி?"

"மொதல்ல படத்தப் பாருங்க, அப்புறம் மாடியக் கேளுங்க."

"படத்துல மாடி தெரியாதே."

"எட்டு."

அவர் கையிலிருந்த கரண்டி தட்டில் இறங்கியது. "எட்டா? கீழ ஒண்ணும் இல்லயா?"

"குடும்பத்துக்கான ரூமெல்லாம் எட்டுலதானாம். பெரிய கட்டில் ஒண்ணு, சின்னது ரெண்டு. குளிக்கத் தொட்டி இருக்கு. கேட்டா சின்னப் பிள்ளைக்கு உயரமான நாற்காலி கொண்டுவந்து தருவாங்களாம். பால் சுடவைக்கக் கெட்டில் இருக்கு. ரயிலடியிலேருந்து நடந்தே போயிரலாம்."

"தொட்டி எவ்வளவு ஆழம்?"

"நீங்க முழுகற அளவுக்கு இல்ல."

"அதில்லம்மா. பிளக்கு எந்த உயரத்துல இருக்கு, கட்டில் மூலை கூரா இருக்கா, இவன் உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா வெளியிலேருந்து திறக்குமா, இதெல்லாம் பாக்க வேணாமா?"

"என்னங்க, நாம அங்க தங்கப் போறோமா, இல்ல அந்தக் கட்டடத்த விலை பேசப் போறோமா?"

ஏழு வயது மகள் எதையும் கேள்வியாகவே பேசுவாள். "அம்மா, லிஃப்ட்டு இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"பட்டன் யார் அழுத்துவா?"

"நீதான்."

"எறும்பு அழுத்திட்டா?"

"எல்லா மாடியும் சுத்திப் பாத்துட்டுப் போய்ச் சேருவோம். அவசரமா என்ன?"

எறும்பு அதற்குள் மேசைமேல் ஏறிப் படத்திலிருந்த சன்னலை விரலால் திறக்க முயன்றுகொண்டிருந்தான். அதைக் கண்ட அப்பா அவனைக் கீழே இறக்கிவிட்டு, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் மனைவியின் முகத்தில், பள்ளி முதல் நாள் புத்தகப் பை வாங்கிய குழந்தையின் களை இருந்தது. "சரி, சொல்லிடு" என்றார். அவள் அப்போதே தொலைபேசியில் அழைத்து அறையைப் பதிவு செய்துகொண்டாள்.

மறுநாள் கடையில், கண்ணாடி வெட்டும் மேசைமுன் நின்றபடி, அவர் அதே விடுதிக்கு அழைத்தார். வரவேற்பில் இருந்த இளம்பெண் பேசினாள்.

"எட்டாவது மாடிக் குடும்ப ரூமு. ஜன்னல் எவ்வளவு திறக்கும்மா?"

"முழுசா திறக்கும் சார். நல்லா காத்து வரும்."

"முழுசான்னா எத்தன இஞ்ச்?"

"இஞ்ச்சா? அது தெரியல சார். தாராளமா தலைய வெளிய நீட்டிப் பாக்கலாம். ஊரே தெரியும்."

பாவம், அந்தப் பெண் விடுதியின் பெருமையைச் சொன்னாள். சூடு கண்ட பூனையிடம் போய் அடுப்பின் வெதுவெதுப்பைப் புகழ்ந்ததுபோல் ஆயிற்று. மனைவியின் பெயரைச் சொல்லி, அந்த அறை வேண்டாம் என்று அவர் அங்கேயே பதிவை ரத்து செய்யச் சொல்லிவிட்டார். பிறகு விசாரித்து, பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் தரைத்தளத்தில் ஓர் இடத்தைப் பிடித்தார். அதன் உரிமையாளர், "நம்ம ஜன்னல் கம்பியில திருடன் என்ன சார், காத்தே நுழையாது" என்று உறுதி கூறினார். கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

இதுவரை அவர் செய்ததற்கு ஒரு நியாயம் சொல்லலாம். வீட்டுக்குப் போய்ச் சொன்னதற்குச் சொல்ல முடியாது.

"அந்த ஹோட்டல்ல ரூம் நிறைஞ்சிடுச்சாம். ஃபோன் பண்ணாங்க."

அவள் மாவு பிசைந்த கையோடு திரும்பிப் பார்த்தாள். "நிறைஞ்சிடுச்சா?"

"ஒண்ணுகூட இல்லயாம். நான் வேற இடம் பாத்துட்டேன். தரைத்தளம், பிள்ளைங்களுக்கு நல்லது."

அவள் அவரைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி" என்றாள். ஒரே சொல். சண்டை போட்டிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அதன்பிறகு மகள் நகரத்தைப் பற்றி எதைக் கேட்டாலும், "அப்பாவக் கேளு" என்பதே அவளுடைய பதிலாயிற்று.

மூன்று நாள் கழித்து லாரிக்காரர் கடைக்கு வந்தார். வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

"அண்ணே, சீக்கிரம் ஒண்ணு மாட்டிவிடுங்க. பின்னாடி யார் வர்றான்னே தெரியல. கடன் கேட்டு மச்சான் வந்தா வேகமா ஓட்டித் தப்பிக்கலாம், அதுக்குக்கூட வழி இல்ல."

கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டே அளவெடுத்தார். லாரிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து ஈரச் சட்டையை உதறினார்.

"குடும்பத்தோட சிட்டிக்குப் போறீங்களாமே. அக்கா ஒருவழியா பச்ச நூலுல படுக்கப் போறாங்க, அப்படித்தானே?"

"என்ன நூலு?"

"அட, உங்களுக்குத் தெரியாதா? அது எந்த ஹோட்டல் பெட்ஷீட்டுன்னு எங்கிட்ட கேட்டு ஆறு மாசமாச்சு. எதுக்குக்கானு கேட்டேன். 'பதினோரு வருஷமா மடிக்கறேன், ஒரு நாள் அது மேல மல்லாந்து படுத்துப் பாக்கணும்'னாங்க. யார்கிட்டயும் சொல்லாதன்னாங்க. புருஷன்காரர் அந்த 'யார்கிட்டயும்'ல சேர்த்தியா என்ன? அதான் சொல்றேன்."

கண்ணாடிக்காரரின் கை நாடாவின்மேல் நின்றுவிட்டது. "அங்க போகலப்பா" என்றார் மெதுவாக. "ரூம் நிறைஞ்சிடுச்சு."

"எது, பச்ச நூலா? போங்கண்ணே! இந்த மழையில அங்க யார் வர்றா? நேத்துகூட அரை லாரிதான் ஏத்தினேன். வேணும்னா அக்காவையே கேளுங்க. எத்தன ரூம்ல ஆள் இருக்குன்னு அந்த ஹோட்டல் முதலாளிக்கு முன்னாடி மடிக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

லாரிக்காரர் போனபின்பும் அந்தக் கடைசி வாக்கியம் போகவில்லை. தாம் வாய் திறந்து 'நிறைஞ்சிடுச்சு' என்ற அந்த நொடியிலேயே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பார்வை. அன்று அவர் ஒரு கண்ணாடியைத் தவறாக வெட்டினார்; இருபது ஆண்டில் அப்படி வெட்டியது அதுதான் மூன்றாவது முறை.

விளக்கேற்றும் வேளைக்கு முன்பே கடையை மூடிவிட்டு வந்தார். அவள் தக்காளி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வெளி அறையில் நாற்காலிகளை வரிசையாக வைத்து ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரூம் நிறையல" என்றார் அவர்.

"தெரியும்" என்றாள் அவள், திரும்பாமலே. "நிறைஞ்சா ஒரு நாளைக்கு முந்நூறு வரும். இந்த வாரம் நூத்தம்பதத் தாண்டல. பெட்ஷீட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க."

"நான்தான் வேணாம்னு கேன்சல் பண்ணச் சொன்னேன். ஜன்னல் முழுசா திறக்குதாம். அவன் ஏறிடுவான்னு..."

"ஏறுவான்தான். அவன் ஏறாம வேற யார் ஏறுவா? அத எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?" கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அன்னைக்குக் கம்பியில மாட்டினப்ப அவன் தலையப் பிடிச்சிட்டு நின்னது யாரு? பக்கத்து வீட்டம்மாவா? உங்களுக்கு மட்டும்தான் பயம், நான் என்ன, கல்லா? ஜன்னல் பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நானே வேணாம்னிருப்பேன். எங்கள அங்க கூட்டிட்டுப் போக உங்களுக்கு மனசில்லன்னு மூணு நாளா நெனச்சிட்டிருக்கேன்."

அவருக்கு அளக்கக் கையில் ஒன்றும் இல்லை. மேசை விளிம்பைத் தடவினார். "பச்ச நூலு விஷயம் எனக்குத் தெரியாதும்மா."

அவள் முகம் சிவந்தது. "அந்த லாரிக்காரன் வாய்க்கு ஒரு பூட்டு செஞ்சு மாட்டுங்க" என்றாள். ஆனால் குரலில் இருந்த விறைப்பு தளர்ந்துவிட்டது. சூப்பை இறக்கி வைத்தாள். "ஆமை ஊர் பாக்கப் போன கதை கேட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"போற வழியில தங்க இடம் தேடிச்சாம். ஒரு பொந்துல நுழைஞ்சுது, இடிச்சுது. ஒரு குகையில நுழைஞ்சுது, அங்கயும் இடிச்சுது. 'என்ன ஊருப்பா இது, ஒருத்தனுக்கும் வாசல் வைக்கத் தெரியல'ன்னு திட்டிட்டே திரும்பி வந்துச்சாம். இடிச்சது எது தெரியுமா? முதுகுல தூக்கிட்டுப் போன சொந்த வீடு."

அவர் சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் நின்றார். சொந்த வீட்டையும், அதன் மாடிப்படியையும், அதில் கூடிப்போன அரை அங்குலத்தையும் இரண்டு ஆண்டாகத் தாம் முதுகில் சுமந்து திரிவது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"நாளைக்கு விடிகாலை லாரியில நானும் போறேன்" என்றார். "நேர்ல அளந்து பாக்கறேன். ஜன்னல் முழுசா திறக்காம ஸ்டாப்பர் கட்டை போட விட்டாங்கன்னா ரூமத் திரும்பச் சொல்லிட்டு வரேன். விடலேன்னா, விடலன்னு வந்து சொல்றேன்."

"பொய் கலக்காம?"

"ஒரு நூல்கூட."

"சரி" என்றாள். இந்தச் 'சரி' வேறு.

மறுநாள் காலை விடுதியின் பின்வாசலில் விரிப்புக் கட்டுகள் இறங்கின. அவற்றை எண்ணி வாங்கும் பெண்மணி இடுப்பில் பெரிய சாவிக்கொத்தோடு நின்றாள். அறைகள் அனைத்துக்கும் அவளே பொறுப்பு. கண்ணாடிக்காரர் பையைத் திறந்து காட்டி, வந்த காரியத்தைச் சொன்னார்.

"இங்க தங்க வர்றவங்க சோப்பு கேப்பாங்க, துண்டு கேப்பாங்க. ஜன்னல் திறக்கக் கூடாதுன்னு கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான்" என்றாள் சாவிக்கொத்து அம்மா.

"திறக்கட்டும்மா. நாலு விரல் திறந்தாப் போதும். காத்து வரும், பிள்ளை போகாது. ரெண்டு கட்டை, நாலு ஸ்க்ரூ. கழட்டினாத் தடம்கூடத் தெரியாது."

"சலவை லாரியில வந்திருக்கீங்களே, உங்க வீட்டம்மாவுக்கு அங்கயா வேலை?"

அவர் லாரியிலிருந்து இறங்கிய கட்டுகளைக் காட்டினார். "இத மடிக்கறவங்கதான்."

அவள் மேலே இருந்த விரிப்பைக் கையில் எடுத்தாள். நான்கு முனையும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே முனைபோல் அமர்ந்திருந்தன. "நாலு மூலையும் இப்படி உக்காருதே, இது யார் கையின்னு எங்க பொண்ணுங்க கேட்டுட்டே இருப்பாங்க. அவங்களா?" என்றாள். பிறகு வேறொன்றும் பேசாமல் மேலாளருக்குத் தொலைபேசியில் ஏதோ சொல்லிவிட்டு, சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைப் பிரித்துக்கொண்டு நடந்தாள்.

எட்டாவது மாடியில் அவர் அளந்தார், கட்டை பொருத்தினார், தம் நான்கு விரல்களை இடைவெளியில் வைத்துப் பார்த்தார், மறுபடி அளந்தார். சாவிக்கொத்து அம்மா கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "பக்கத்து ரூமுக்கும் ஒண்ணு போட்டா என்ன?" என்றாள். மதியத்துக்குள் அந்தத் தளத்தின் ஏழு அறைகளுக்கும் போட்டுவிட்டார். கட்டை தீர்ந்திராவிட்டால் ஏழாவது மாடிக்கும் இறங்கியிருப்பார்.

அடுத்த வாரம் மழை விட்டிருந்தது. குடும்பம் ரயிலிலிருந்து இறங்கி நடந்தே விடுதிக்கு வந்தது. லிஃப்ட்டில் மகள் எட்டை அழுத்தினாள். எறும்பு மூன்றையும் ஐந்தையும் அழுத்தினான். அம்மா சொன்னபடியே அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.

அறைக்குள் நுழைந்ததும் எறும்பு எதிர்பார்த்தபடி நேராகச் சன்னலுக்குத்தான் போனான். நாற்காலியில் ஏறினான், தள்ளினான். நான்கு விரல் திறந்து, 'டக்' என்று நின்றது. மறுபடி தள்ளினான். மறுபடி 'டக்'. அந்த ஓசை அவனுக்குப் பிடித்துப்போய், ரம்பத்துக்குத் தாளம் போட்டவன் இதற்கும் போட ஆரம்பித்தான். இடைவெளி வழியே காற்று வந்து திரைச்சீலையை அசைத்தது.

அம்மா கட்டிலருகே நின்றாள். விரிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பச்சை நூலைத் தடவிப் பார்த்தாள். உட்காரவில்லை.

"அப்பா" என்றாள் மகள். "இங்க ரூம் நிறைஞ்சிடுச்சுன்னு சொன்னியே, இப்ப எப்படி இருக்கு?"

யாரோ கிளம்பிப் போனார்கள் என்று சொல்லிவிடலாம். ஏழு வயதுக்கு அது போதும். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மகளுக்கு எதிரே தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"நிறையலடா கண்ணு. அப்பா அம்மாகிட்ட பொய் சொன்னேன்."

"ஏன்?"

"ஜன்னலப் பாத்துப் பயம். பயமா இருக்குன்னு சொல்ல வெக்கம். தப்புதான்."

"அம்மாகிட்ட சாரி சொன்னியா?"

யோசித்துப் பார்த்தார். கட்டை போட்டார், லாரியில் போனார், ஏழு அறைக்கு வேலை செய்தார். அந்த ஒன்றை மட்டும் இன்னும் செய்யவில்லை. எழுந்து மனைவியிடம் போனார். சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"மன்னிச்சுக்கம்மா. நாலு நாளைக்கு இது உங்கிட்ட இருக்கட்டும். நீயாக் குடுத்தாத்தான் வாங்குவேன்."

அவள் நாடாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அதைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். பிறகு கட்டிலின் நட்டநடுவில், இரு கைகளையும் விரித்து மல்லாந்து படுத்தாள். குதிகால்கள் விரிப்பில் அழுந்தின. கண்ணை மூடிக்கொண்டாள்.

"இடிக்குதா?" என்றார் அவர்.

"அரை இஞ்ச்கூட இல்ல."

அவர் ஓரமாக உட்காரப்போய், விரிப்பு சுருங்குவதைக் கண்டு சட்டென்று எழுந்தார். அதற்குள் நாற்காலியிலிருந்து எறும்பும், அவனைத் துரத்திக்கொண்டு மகளும் கட்டிலின்மேல் பாய்ந்துவிட்டார்கள்.

"ஏய், இறங்குங்க! கசங்குது பாருங்க!" என்று அதட்டினார் அப்பா.

"கசங்கட்டும் விடுங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "திங்கக்கிழமை எங்கிட்டதான வரப்போவுது."